ஆளுக்கு நாலு விரல்

லாஸ்தேனியா பெசான்தெஸ் ஒரு நாளைக்கு நாற்பது தடவை "முடியாது" என்பாள். நாற்பதையும் செய்து கொடுத்துவிடுவாள். சான் ஹெரோனிமோ தெருவில் இது கைக்குழந்தைக்கும் தெரியும். அதனால் அவள் கத்தும்போது யாரும் எழுந்து போவதில்லை. காப்பி வரும் என்று உட்கார்ந்திருப்பார்கள். முதல் கோப்பை வரைக்கும் அவள் குரல் ஆற்றங்கரை வரை கேட்கும். இரண்டாவது கோப்பையை ஊற்றும்போது, "எப்ப வேணும்?" என்று கேட்பாள். அவ்வளவுதான், வந்தவர் காரியம் முடிந்தது.

ஐம்பத்தெட்டு வயதில் அவளுக்கு முதுகுவலி, மூக்குக்கண்ணாடி, கோபம் மூன்றும் இருந்தன. வேலை, மண்பாண்டங்களில் ஊரை வரைவது. பதினாறு வயதில் ஒரு தட்டுத் தொழிற்சாலையில் சேர்ந்தவள். நாளுக்கு நானூறு தட்டு, ஒவ்வொன்றிலும் அதே ஐந்து இதழ்ப் பூ, பதினொரு வருஷம். இன்றைக்கும் யாராவது பூங்கொத்து கொடுத்தால் அவள் முகம் சுருங்கும். அங்கே சக்கரத்தில் பாண்டம் வனைந்துகொண்டிருந்த செகுந்தோவைக் கட்டிக்கொண்டு வெளியே வந்து, வீட்டின் கீழ்த்தளத்தில் சொந்தப் பட்டறை போட்ட அன்று, "இனிமே செத்தாலும் பூப் போட மாட்டேன், ஊரைத்தான் போடுவேன்" என்று சபதம் செய்தாள். ஊர் அவளை நன்றாகப் பழிவாங்கியது. குவென்காவுக்கு வருகிற அத்தனை பேருக்கும் வேண்டியது பெரிய மாதா கோயிலின் மூன்று நீலக் கும்மட்டங்கள்தான். கோப்பையில் கும்மட்டம், தட்டில் கும்மட்டம், உப்பு ஜாடியில் கும்மட்டம், பல்துலக்கி வைக்கிற குவளையிலும் கும்மட்டம். கோயிலைக் கட்டிய கொத்தனார்கள்கூட அந்தக் கும்மட்டங்களை அத்தனை நாள் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது அவள் கட்சி.

வெளியூர்க்காரராவது வாங்கிக்கொண்டு போய்விடுவார். உள்ளூர்க்காரர் வாங்கிக்கொண்டு போய், மறுநாள் திரும்பி வருவார். "என் ஜன்னல்ல மூணு பூந்தொட்டி இருக்கு, நீ ரெண்டு போட்டிருக்கே." "எங்க வீட்டு வாசல்ல நாய் எதுக்கு? அது எங்க நாயே இல்ல." "இந்தக் கரண்டுக் கம்பியெல்லாம் எதுக்குப் போடறே, பாக்க அசிங்கமா இருக்கு." கம்பி விஷயத்தில் மட்டும் லாஸ்தேனியா மசிய மாட்டாள். தெருவுக்கு மேலே தொங்குகிற கரண்டுக் கம்பி, போன் கம்பி, எவனோ அறுத்துவிட்டுச் சுருட்டி மாட்டிய கம்பி எல்லாவற்றையும் நாலு முடி மட்டும் உள்ள தூரிகையால் ஒன்று விடாமல் இழுப்பாள். "இருக்கறதத்தான் போடுவேன். கம்பி வேணாம்னா மேல ஏறிக் கழட்டுங்க, அப்புறம் வாங்க" என்பாள்.

அந்த ஏப்ரலில் எலோடியா ஊரைவிட்டுப் போவதாக முடிவாயிற்று. எலோடியாவுக்கு அறுபத்தொன்பது வயது. தெருவின் கடைசி வீடு, பதினெட்டாவது வீடு அவளுடையது. அதற்கு அப்பால் ஆற்றுக்கு இறங்குகிற படிக்கட்டு. நியூ ஜெர்சியில் இருக்கும் மகளுக்குப் பதினேழு வருஷத்துக்குப் பிறகு குடியேற்றக் காகிதங்கள் சரியாகிவிட்டன. முழங்கால் போய்விட்ட அம்மாவைத் தனியே விட முடியாது என்று டிக்கெட் அனுப்பிவிட்டாள். போனால் எலோடியா திரும்பி வருவாளா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

எலோடியாவிடம் கடன்படாத வீடு அந்தத் தெருவில் இல்லை. காசுக் கடன் இல்லை, அதைத் தீர்த்துவிடலாம். லாஸ்தேனியாவுக்கு மகள் நூபே பிறந்தபோது ஜுரம் கண்டு படுத்துவிட்டாள். பிரசவித்தவள் நாற்பது நாள் கோழிச்சாறு குடிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். எலோடியா நாற்பது நாளும் தன் கோழிகளை அடித்துச் சாறு வைத்துக் கொண்டுவந்தாள். நாற்பத்தோராம் நாள் அவள் கூண்டில் ஒரு சேவல் மட்டும் நின்றது. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. முப்பத்தொரு வருஷத்தில் லாஸ்தேனியாவிடம் ஒரு சிட்டிகை உப்புக்கூடக் கேட்டதில்லை.

தெருக் கமிட்டித் தலைவர் தோன் அவுரேலியோ கூட்டம் போட்டார். எலோடியாவுக்கு என்ன கொடுப்பது? கம்பளிப் போர்வை என்றார் ஒருவர், அங்கே அது மலிவு என்றார் இன்னொருவர். கடைசியில் ஒரு பெரிய ஜாடி என்று முடிவானது. இரண்டு கைப்பிடி வைத்த, முழங்காலுக்கு மேல் உயரமுள்ள ஜாடி. அதன் வயிற்றைச் சுற்றி சான் ஹெரோனிமோ தெரு முழுவதும், பதினெட்டு வீடுகளும். நியூ ஜெர்சியில் எலோடியா அதைத் திருப்பித் திருப்பி வைத்துத் தெருவில் நடந்துகொள்ளலாம்.

"முடியாது. மூணு வாரத்துல ஜாடியா? என்ன, பன் சுடறேன்னு நெனச்சீங்களா?" என்று கத்திவிட்டு லாஸ்தேனியா காப்பி போட எழுந்தாள்.

ரகசியமாக இருக்கட்டும், எலோடியாவுக்குத் தெரியவே கூடாது என்று பேக்கரிக்கார ஹில்டா அன்று சாயங்காலமே தெரு வாட்ஸப் குழுவில் எழுதினாள். அந்தக் குழுவில் எலோடியாவும் இருக்கிறாள் என்பது யாருக்கும் தோன்றவில்லை. தினமும் காலையில் புனிதர் படம் போட்டு வணக்கம் சொல்வதே அவள்தான். எலோடியா அதற்குக் கைதட்டும் படம் ஒன்று போட்டாள். பிறகு பதறிப்போய் அழித்தாள். அன்றிலிருந்து அவளுக்குத் தெரியாது என்று தெருவும், எனக்குத் தெரியாது என்று அவளும் நடித்துக்கொண்டிருந்தார்கள்.

செகுந்தோ ஜாடியை வனைந்து, காயவைத்து, முதல் சூடு சுட்டுக் கொடுத்தார். அவர் மேல் எந்தப் புகாரும் சொல்ல முடியாது என்பதுதான் அவர் மேல் லாஸ்தேனியாவின் புகார். ஜாடி மேல் வெள்ளைப் பூச்சை ஊற்றினார்கள். காய்ந்தபின் அது சுண்ணாம்புத் தூள் போல மேலே ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல்தான் வரைய வேண்டும். தூரிகை பட்ட நொடியில் வண்ணத்தைப் பூச்சு உறிஞ்சிவிடும். அழிக்க முடியாது, சுரண்ட முடியாது, விரல் பட்டால் உதிரும். ஒரு கோடு தப்பானால் முழு ஜாடியையும் தண்ணீரில் கழுவி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். அதனால் லாஸ்தேனியா கணக்காக ஆரம்பித்தாள். ஜாடியின் வயிற்றைச் சுற்றி நூலைக் கட்டி, பதினெட்டாக மடித்து, முடிச்சுப் போட்டாள். ஒரு வீட்டுக்கு நாலு விரல் அகலம் வந்தது. கைப்பிடிகளின் அடிப்பக்கம் இரண்டு வீடுகளை மறைக்கும். ஒன்று வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடக்கும் வக்கீல் வீடு. இன்னொன்றுக்குத் தன் வீட்டையே வைத்துக்கொண்டாள். மற்ற யாரை வைத்தாலும் உயிரை எடுத்துவிடுவார்கள்.

தெருவின் மேல்முனையில் இருக்கிற முதல் வீடு தோன் அவுரேலியோவுடையது. தூரிகையைத் தொட்டுக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டார்.

"லாஸ்தேனியா, மூணாவது மாடியும் போட்டுரு."

"எங்க இருக்கு மூணாவது மாடி?"

"தூணுக்கு விட்ட கம்பி நிக்குது பாரு."

"கம்பிதானே நிக்குது? ஒம்பது வருஷமா நிக்குது. துணி காயப்போடறீங்க அதுல."

"சிகாகோலேர்ந்து பையன் இந்த வருஷம் பணம் அனுப்பிடுவான். கைப்பிடிச் சுவர், ரெண்டு மூலைலயும் கழுகுச் சிலை, எல்லாம் பேசியாச்சு. ஜாடி அமெரிக்கா போகுதும்மா. அங்க நம்ம தெருவோட மானம் என்ன ஆகறது?"

"முடியாது தலைவரே. இருக்கறதத்தான் போடுவேன்."

இரண்டாவது கோப்பையில் மூன்றாவது மாடி எழும்பியது. உயரம் கூடினால் அகலமும் கூட வேண்டும், இல்லாவிட்டால் வீடு புகைபோக்கி மாதிரி நிற்கும். கழுகுகளுக்கும் இடம் வேண்டும். தலைவர் வீடு ஆறு விரலானது. இரண்டு விரல்தானே, வழியில் சரிக்கட்டிவிடலாம் என்று லாஸ்தேனியா நினைத்தாள்.

இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்பது சும்மாவா? தலைவருக்குக் கழுகு வந்த செய்தி மத்தியானத்துக்குள் தெருவைச் சுற்றியது. ஹில்டா மாவுக் கையோடு ஓடிவந்தாள்.

"அவருக்கு இல்லாத மாடியப் போடுவே, எனக்கு இருக்கற அடுப்பப் போட மாட்டியா?"

"அடுப்பு உள்ள இருக்கு ஹில்டா. நான் வெளிய நின்னு வரையறேன்."

"அப்ப சுவத்த எடுத்துரு."

"சுவத்த எடுக்கறதா! உனக்குக் கிறுக்கு ஏதாவது பிடிச்சிருக்கா?"

சுவர் எடுக்கப்படவில்லை. ஆனால் பேக்கரிக் கதவு ஒரு முழு விரல் அகலமாகத் திறந்துகொண்டது, உள்ளே அடுப்பு எரிந்தது. அதற்கப்புறம் மெக்கானிக் வாஷிங்டன் வந்தான். வாசலில் தன் சிவப்பு லாரி நிற்க வேண்டும் என்றான். "லாரி போன மாசமே வித்தாச்சேடா" என்றால், "அதனாலதான்க்கா போடச் சொல்றேன், இனிமே நான் எங்க பாக்கப் போறேன்" என்று கண் கலங்கினான். ஆறடி ஆள், கிரீஸ் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றால் என்னதான் செய்வது? லாரிக்கு ஒரு விரல். இப்படியே ஒருவருக்குப் பால்கனி, ஒருவருக்குப் போர்டு, இன்னொருவருக்கு அண்டைவீட்டு போர்டைவிடப் பெரிய போர்டு. வாட்ஸப்பில் குரல் செய்திகள் குவிந்தன. லாஸ்தேனியா போனை மாவு டப்பாவுக்குள் போட்டு மூடினாள். மாவுக்குள்ளிருந்தும் அது முனகியது.

"எல்லாரும் சேந்து என்னைப் பைத்தியம் ஆக்கறாங்க" என்று புருஷனிடம் கத்தினாள். "ஏதாவது சொல்லுங்களேன்!"

"நூல் முடிச்சுத் தாண்டிப் போகுது" என்றார் செகுந்தோ.

"தெரியும்! எனக்குக் கண் இல்லையா?"

கண் இருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் தூரிகை முடிச்சைத் தாண்டியதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அடுத்ததில் குறைத்துக்கொள்ளலாம், அதற்கடுத்ததில் குறைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள். அடுத்த வீட்டுக்காரர் அதற்குள் வாசலில் வந்து நின்றுவிடுவார்.

இதற்கு நடுவில் எலோடியா தினமும் வந்தாள். பாலில் வெந்த சோளக் கஞ்சியைத் தூக்கில் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஜாடி இருக்கிற மூலையைப் பார்க்காத மாதிரி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். ஜாடி மேல் லாஸ்தேனியா துணியைப் போட்டு மூடுவாள். இரண்டு கிழவிகளும் நடிக்கிற அழகைப் பார்த்து செகுந்தோ வாய்க்குள்ளே சிரிப்பார்.

ஒரு நாள் லாஸ்தேனியாவுக்குப் பொறுமை போய்விட்டது. "அக்கா, உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்தக் கூத்து எதுக்கு? சொல்லு, உன் வீட்ட எப்படிப் போடணும்?"

"எனக்கென்ன தெரியும்? இருக்கறபடி போடு."

"பால்கனி? கோழிக் கூண்டு? அந்த நீலக் கதவு?"

"இருக்கறபடி போடு லாஸ்தே. சர்க்கரை போதுமா பாரு, இன்னிக்குக் கை கொஞ்சம் குறைஞ்சுபோச்சு."

இப்படி ஒரு வாடிக்கையாளர் கிடைத்தால் கோயில் கட்டிக் கும்பிடலாம் என்று அன்று லாஸ்தேனியா நினைத்தாள். அந்த வீட்டைக் கடைசியில், யாரும் வராத நேரமாகப் பார்த்து, ஆசை தீர வரைய வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டாள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். அழாத பிள்ளை தூங்குகிறது என்று எல்லோரும் நம்பிக்கொள்கிறார்கள்.

புதன்கிழமை காலையில் பதினேழாவது வீட்டின் கூரை ஓடுகளை முடித்துவிட்டுத் தூரிகையைக் கழுவித் திரும்பிப் பார்த்தாள். பதினேழாவது வீட்டின் சுவருக்கும், தலைவரின் முதல் வீட்டுக் கழுகுக்கும் நடுவே வெள்ளையாக இருந்த இடம் அரை விரல்.

அரை விரலில் ஒரு வீடு வராது. கதவுகூட வராது. ஜாடி உருண்டை, எங்கே தொடங்கியதோ அங்கேதான் வந்து முட்டும். இழுத்துக்கொண்டு போக ஓரம் என்று ஒன்று கிடையாது. லாஸ்தேனியா அரை மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பிறகு, கை தானாகவே எழுந்து, அந்த அரை விரலில் ஆற்றுக்கு இறங்கும் படிக்கட்டை வரைந்தது. படிகள் அழகாகத்தான் வந்தன. அதைப் பார்க்க அவளுக்கே வெட்கமாக இருந்தது.

கதவு திறந்திருந்தது. துணி போட்டு மூட நேரமில்லை. கஞ்சித் தூக்கோடு எலோடியா உள்ளே வந்து ஜாடியைப் பார்த்துவிட்டாள்.

"அம்மாடி!" என்றாள். தூக்கைக் கீழே வைத்தாள். தொடக் கூடாது என்று தெரிந்தவள், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜாடியைச் சுற்றி மெதுவாக நடந்தாள். "இது தலைவர் வீடு. கழுகுங்களா அது? கோழின்னு நெனச்சேன். இது ஹில்டா, அடுப்புகூட எரியுது பாரு. வாஷிங்டன் லாரி! பாவம் பையன்." ஒவ்வொரு வீட்டின் முன்னாலும் நின்று, உள்ளே இருப்பவர்களிடம் பேசுவது போலப் பேசிச் சிரித்தாள். பதினேழாவது வீட்டைத் தாண்டினாள். படிக்கட்டைப் பார்த்தாள். அதற்கடுத்துக் கழுகைப் பார்த்தாள். மறுபடி ஒரு தடவை படிக்கட்டைப் பார்த்தாள்.

"படி நல்லா வந்திருக்கு" என்றாள்.

லாஸ்தேனியா இப்போது போய் மூடுகிற துணியைத் தேடினாள்.

"விடு லாஸ்தே. நான்தான் போறேனே. அப்ப சரியாத்தானே போட்டிருக்கே?" என்று எலோடியா சொன்னாள். அதில் குத்தல் இல்லை. நிஜமாகவே சமாதானம் சொன்னாள். "கஞ்சி ஆறிடும், குடிச்சிரு" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு வாசற்படி இறங்கிப் போனாள்.

கோபித்துக்கொண்டு நாலு வார்த்தை திட்டியிருந்தால் லாஸ்தேனியாவும் எட்டு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பாள். கஞ்சி குடி என்று சொல்லிவிட்டுப் போனவளை என்ன செய்வது? தலைவர் மேல் எரிச்சல், ஹில்டா மேல் எரிச்சல், வாயில்லாத எலோடியா மேல் எரிச்சல். எல்லோரையும் திட்டி முடித்த பிறகு மிச்சம் இருந்தது அவள் ஒருத்திதான். கேட்டவர்கள் கேட்டார்கள், கொடுத்தது யார்? கேட்காதவள் வீட்டை இடித்துத்தானே கேட்டவர்களுக்கெல்லாம் பங்கு வைத்திருக்கிறாள்!

"இந்தப் பக்கம் பிடிங்க" என்று செகுந்தோவைக் கூப்பிட்டாள். இருவரும் ஜாடியை முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். லாஸ்தேனியா குழாயைத் திறந்துவிட்டாள்.

தண்ணீர் பட்டதும் கழுகுகள் முதலில் போயின. பிறகு மூன்றாவது மாடி, லாரி, பேக்கரி, பதினோரு நாள் இழுத்த கம்பிகள் எல்லாம் சாம்பல் நிறமாகக் கரைந்து முற்றத்துச் சாக்கடையில் இறங்கின. செகுந்தோ ஸ்பாஞ்சை எடுத்துக் கொடுத்தார்.

மொட்டைமாடியில் துணி எடுக்க வந்த ஒருத்தி பார்த்துவிட்டாள். கால் மணி நேரத்தில் பட்டறை நிறைந்துவிட்டது.

"என் பையனுக்குப் போட்டோ அனுப்பிட்டேன்!" என்று தலைவர் அலறினார். "கழுகு சூப்பர்னு பதில் போட்டிருக்கான்!"

"அவனையே மாடி கட்டச் சொல்லுங்க தலைவரே. கட்டி முடிச்ச அன்னிக்கு உங்களுக்குன்னு தனியா ஒரு ஜாடி போட்டுத் தர்றேன்."

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? சனிக்கிழமை பத்து மணிக்கு வண்டி! ஈர ஜாடி காயணும், பூச்சு ஊத்தணும், வரையணும், சுடணும். எப்படி முடிப்பே?" என்றாள் ஹில்டா.

"தெரியல."

"அப்ப யாரு மேல தப்பு?"

"என் மேலதான். நீங்க கேட்டீங்க, நான் எலோடியா வீட்டப் பிச்சுப் பிச்சுக் குடுத்துட்டேன். அவ ஒருத்திக்குத்தான் ஜாடி, அவ வீடு ஒண்ணுதான் அதுல இல்ல. போதுமா? அவளே வந்து பாத்துட்டா. படிக்கட்டு நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போறா."

வாஷிங்டன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். அன்று காப்பியும் வரவில்லை, உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

ஹில்டா மட்டும் வாசல் வரை போய்த் திரும்பினாள். "ஈர ஜாடிய இந்த மழையில எங்க காயவைப்பே?"

"தெரியலன்னு சொன்னேன்ல."

"என் அடுப்புச் சூடு ராத்திரிப் பூரா இருக்கும். ரொட்டி எடுத்தப்புறம் கொண்டுவந்து வை. இவ ஜாடிலேர்ந்து என் அடுப்பக் கழுவி விடுவா, நான் இவ ஜாடிக்கு அடுப்புக் குடுக்கணும்! என் தலையெழுத்து!" என்று புலம்பிக்கொண்டே போனாள். வியாழக்கிழமை காலையில் ஜாடி சுக்காகக் காய்ந்திருந்தது. பன் வாசனை அடித்தது.

மறுபடி வெள்ளைப் பூச்சு ஊற்றி, அது காய்ந்ததும் லாஸ்தேனியா புதிதாக நூல் கட்டினாள். இந்தத் தடவை ஒவ்வொரு முடிச்சிலும் பென்சிலால் கோடு கிழித்தாள், சூளையில் அது எரிந்துபோய்விடும். பதினெட்டாவது வீட்டிலிருந்து ஆரம்பித்தாள். நீலக் கதவு, ஒரு பக்கம் சாய்ந்த பால்கனி, மாடிப்படி ஜன்னல், காலிக் கோழிக் கூண்டு. கதவின் நீலம் வரையும்போது அழுக்கு ஊதாவாகத்தான் தெரியும், நெருப்பு பட்டால்தான் நீலமாகும். அதற்குப் பிறகு, வாசலைச் சாத்திக்கொண்டு, ராத்திரியும் தூங்காமல், பதினேழு, பதினாறு என்று தெருவில் மேல்நோக்கி ஏறினாள். கம்பிகளையும் விடவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் தலைவரின் வீட்டுக்கு வந்து, மொட்டைமாடியில் துருப்பிடித்த கம்பிகளையும் அதில் காய்கிற இரண்டு பனியனையும் வரைந்து முடித்தாள். எந்த வீடும் கோட்டைத் தாண்டவில்லை. சாயங்காலம் செகுந்தோ சூளையைப் பற்றவைத்தார்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குத் தெரு மேல்முனையில் குவாயாகில் விமான நிலையத்துக்குப் போகிற வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. சூளை அணைந்து சில மணி நேரம்தான் ஆகியிருந்தது. உள்ளே இன்னும் கங்குச் சூடு.

"ஒரு இடுக்கு மட்டும் தொறங்க. அவ ஒரு தடவ எட்டிப் பாக்கட்டும்" என்று லாஸ்தேனியா கெஞ்சினாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாத செகுந்தோ, சூளைக் கதவின் முன்னால் போய் நின்றுகொண்டார். "மாட்டேன். வெளிக் காத்து பட்டா விரிசல் விட்ரும். நாளைக்கு மத்தியானம்தான்."

"நாளைக்கு அவ எங்க இருப்பா? மனுஷனா நீங்க?"

"மாட்டேன்" என்றார் மறுபடியும். அவர் கண்ணும் கலங்கியிருந்தது, ஆனால் நகரவில்லை.

எலோடியா முற்றத்துக்கு வந்தாள். மகள் அனுப்பிய குளிர்க் கோட்டு அவளுக்கு இரண்டு சுற்றுப் பெரியதாக இருந்தது. பொத்தான் போடாமல் தொங்கியது. சூளையைப் பார்த்தாள், மூடிய கதவைப் பார்த்தாள், லாஸ்தேனியாவின் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

"உள்ள இருக்கேனா?"

"இருக்கேக்கா. மொத வீடே நீதான். உன் வீட்டுலேர்ந்துதான் தெருவே ஆரம்பிக்குது. ஆறின உடனே எப்படியாவது அனுப்பி வெக்கறேன்."

"எந்தப் பக்கம் இருக்கேன்?"

"இந்தப் பக்கம். கதவப் பாத்துத்தான் வெச்சிருக்கேன்."

எலோடியா இரண்டு அடி நகர்ந்து, சூளைக் கதவுக்கு நேராக நின்றாள்.

"எவ்வளவு இடம் குடுத்தே?"

"நாலு விரல்."

"ஹில்டாவுக்கு?"

"நாலு. தலைவருக்கும் நாலு. ஆளுக்கு நாலு விரல், ஒருத்தருக்கும் கூடக் கிடையாது."

எலோடியா தன் வலது கையைத் தூக்கி, கட்டைவிரலை மடக்கி, நாலு விரலையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள். "இவ்வளவுதானா? மாடிப்படி ஜன்னலுக்கே ஒரு விரல் வேணுமேடி. அஞ்சா குடுத்திருக்கக் கூடாதா?"

லாஸ்தேனியா பொங்கிவிட்டாள். "இத இப்ப வந்து கேக்கறியா? சூளைய மூடினதுக்கப்புறம்? ரெண்டு வாரம் என் முன்னாடி உக்காந்துக்கிட்டு, இருக்கறபடி போடு, இருக்கறபடி போடுன்னு! அன்னிக்கே வாயத் தொறந்து கேட்டுத் தொலைச்சிருந்தா என்னக்கா? நீ கேட்டு நான் குடுக்க மாட்டேனா?"

"குடுத்திருப்பே. அதான் கேக்கல. எல்லாரும் கேட்டுக் கேட்டு உன்னப் பிச்சுத் திங்கறாங்க, நான் ஒருத்தியாவது கேக்காம இருக்கணும்னு இருந்தேன்" என்றாள் எலோடியா.

"அப்ப இன்னிக்கு மட்டும் எதுக்குக் கேக்கறே?"

"இன்னிக்குத்தான் நான் கேட்டாலும் உன்னால குடுக்க முடியாதே. கேட்டா எப்படி இருக்கும்னு ஆசைக்கு ஒரு தடவ கேட்டுப் பாத்தேன்."

மேலே ஹாரன் அடித்தது. தலைவர் யாரையோ சத்தம் போட்டார். லாஸ்தேனியாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "போய்த் தொலை, வண்டி நிக்குது பாரு, அந்த ஊர்ல குளிர் ஆளக் கொல்லுமாமே" என்று திட்டிக்கொண்டே, அந்தப் பெரிய கோட்டின் பொத்தான்களைக் கீழேயிருந்து கழுத்து வரைக்கும் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள்.